காற்றில் நின்ற பிடி

ஜனவரி 9

தம்பி,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் தினமும் அடித்துக்கொண்டிருப்பது வீண் வேலை என்று மாமா சொல்கிறார். அதனால் கடிதம். இதைப் பிரிக்காமல் தூக்கிப் போட உனக்கு மனசு வராது. மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் உன்னால் இருக்க முடிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால், "பட்டறையை மூடிட்டு என் கடைக்கு வந்து கல்லால உக்காரு" என்று நான் சொன்னதுதானே உன் கோபம்? உன் இடது கையில் கட்டை விரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிளட்ச் செயின் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்தது அதுதான். வேறு எந்த அக்காவாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் மூடச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இப்போது நீயே டயர் கடைக்காரருக்குப் பட்டறையைக் கொடுக்கப் போகிறாயாம், மார்ச் கடைசியில் சாவி கைமாறுகிறதாம். உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலே சரியில்லை. நாள் முழுக்க முன்னறையில் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். பட்டறை போய்விட்டால் நீயும் போய்விடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், இனி அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

விஷயம் வேறு. பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் போன வருஷம் இறந்துபோனார். அவர் மகனுக்கு இந்த வேலையில் நாட்டமில்லை. கருவிகளை ஒரே பெட்டியாக என் கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஸ்பிரிங் அமுக்கி, புல்லர், கொக்கி ஸ்பேனர் எல்லாம் தெரிந்த முகங்கள். ஒன்று மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியவில்லை. அதைத்தான் இந்தப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு நுனியில் பழைய கிளட்ச் பிளேட். அதிலிருந்து நீளமாக ஒரு தட்டை இரும்பு, நடுவழியில் ஒரு பக்கமாக வளைந்து விலகுகிறது. மறு நுனியில் நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி ஒரு பள்ளம், உள்ளே தோல் ஒட்டி ரிவெட் அடித்திருக்கிறது. பள்ளத்தின் கடைசியைச் சின்னத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள். விளிம்புகளில் எதிரெதிரே இரண்டு நீள்துளைகள். ரிவெட்டுகளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார், ஒன்றுகூடத் தட்டுப்படாது. முப்பது வருஷமாகக் கருவி விற்கிறேன், இப்படி ஒரு கைநேர்த்தியை நான் பார்த்ததில்லை. இதைச் செய்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

சீட்டு எழுதாத பொருளை நான் அலமாரியில் வைப்பதில்லை. பெயர், எந்த வண்டி, எந்த வேலை என்று மூன்றும் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் இதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். முகஸ்துதி இல்லை, வேறு ஆளில்லை.

உன் அக்கா

---

ஜனவரி 17

அக்கா,

பார்சல் வந்தது.

எனக்கு வேலை கொடுக்கிறாயா? சுவரைப் பார்க்கிறவனுக்குப் பார்க்க வேறு ஏதாவது வேண்டும் என்று நீங்கள் இருவரும் போனில் பேசி முடிவு செய்தீர்களா? பரிதாபத்தைப் பார்சல் கட்டி அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம்.

கேட்டதற்குப் பதில்: அது கிளட்ச் ஹப்பைப் பிடித்து நிறுத்தும் கருவி. நடு நட்டைக் கழற்றும்போது ஹப் கூடவே சுற்றும். அது சுற்றாமல் இருக்க ஒரு கையால் இதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். எந்தப் பட்டறையிலும் ஒன்று கிடக்கும், பழைய பிளேட்டில் ஒரு இரும்பை ஒட்டினால் முடிந்தது. ஒரு கை பிடிக்க, ஒரு கை திருப்ப. அதனால்தான் இனி எனக்கு அது உதவாது, உனக்கே தெரியும்.

பள்ளமும் தோலும் எவனோ பொழுது போகாதவன் ஒட்டியது. சீட்டில் 'கிளட்ச் பிடி' என்று எழுதி அலமாரியில் வை. அடுத்த வாரம் திருப்பி அனுப்புகிறேன்.

ரிவெட் வேலை நன்றாகத்தான் இருக்கிறது. வெல்டிங் அதைவிட நன்றாக இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

தம்பி

---

ஜனவரி 24

தம்பிக்கு,

பாதிப் பெயர் சொல்லியிருக்கிறாய். மீதிப் பாதி எங்கே? வெல்டிங் அப்படி வைக்கத் தெரிந்தவன் பொழுது போகாமல் தோல் ஒட்டுவானா? வெறும் கம்பியே போதும் என்றால் வெறும் கம்பியோடு விட்டிருக்க மாட்டானா? உனக்கும் இது தோன்றியிருக்கும், பிடிவாதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

அதை அனுப்புவதற்கு முன்னால் மாமா எடுத்த படத்தைக் கல்லாவில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய வண்டி சேகரிக்கும் டாக்டர், இது கம்பெனியே செய்து விற்ற அபூர்வமான கருவி, என்ன கேட்டாலும் தருகிறேன் என்கிறார். நம் பெயின்டர் முழங்காலுக்கு முட்டுக்கொடுக்க என்கிறார். மாமாவின் கருத்தை எழுதவில்லை, உனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும்.

டாக்டருக்குக் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். எதற்கு என்று தெரியாமல் கொடுக்க எனக்கு மனசில்லை. தெரிந்தால் ஒருவேளை கொடுக்கவே மாட்டேன்.

பரிதாபம் என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாத ஒரு கருவியை உன்னிடம் அனுப்புவது பரிதாபமா? பரிதாபப்பட்டிருந்தால் பழக்கூடை அனுப்பியிருப்பேன்.

அக்கா

---

பிப்ரவரி 6

அக்கா,

போன மாதமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது. அனுப்பவில்லை.

அந்தப் பள்ளத்தைக் காலிப்பரால் அளந்தேன். இரண்டு முனையும் ஒன்றாக இல்லை. ஒரு பக்கம் அகலம், அடைத்த பக்கம் குறுகல். எந்த வண்டியின் சட்டக் குழாயும் அப்படி மெலிந்துகொண்டே போகாது. ஃபோர்க் குழாயும் போகாது. மெலிந்து போவது ஒன்றே ஒன்றுதான், சில பழைய பந்தய வண்டிகளின் சைலன்சர். அடைத்திருக்கும் தகடு சைலன்சரின் வாயில் முட்டி நிற்க, தோல் குரோம் பூச்சு கீறாமல் இருக்க என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் நான்தான் ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கனவு கலைந்தது. அந்த வண்டிகளில் கிளட்ச் இடப்பக்கம், சைலன்சர் வலப்பக்கம். இந்த இரும்பு வண்டிக்குள் புகுந்து அந்தப் பக்கம் எப்படிப் போகும்?

வண்டியில் மாட்டிப் பார்க்காமல் தெரியாது. அதற்காகப் பட்டறையைத் திறந்தேன். உடனே நீ ஆடாதே, மாட்டிப் பார்க்க மட்டும்தான் போனேன். கணக்கு டீச்சரின் வண்டி அன்று நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது, கிளட்ச் மூடி கழற்றியபடி. என் விரல்கள் போனது அதில்தான். அந்தம்மா வேறு யாரிடமும் கொண்டுபோக மறுக்கிறார்களாம், இத்தனை மாதமாகப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்களாம். கீழே தேய்த்துத் துடைத்திருந்தது. யார் துடைத்தது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, சாவி இருக்கிற இன்னொரு ஆள் என் வீட்டுக்காரிதான்.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பார்க்காத மாதிரி நேராக ஹப்பில் மாட்டினேன். பிளேட் பல்லோடு பல் உட்கார்ந்தது, இம்மி ஆட்டமில்லை. இந்த ரக வண்டிக்கென்றே செய்தது. ஆனால் மறு முனை எதையும் தொடவில்லை. ஃபுட்ரெஸ்டை விலக்கிக்கொண்டு வளைந்து வெளியே வந்து அப்படியே காற்றில் நிற்கிறது. நான் உட்காரும் ஸ்டூலைத்தான் இடித்தது. ஸ்டூலைத் தள்ளிவைத்துவிட்டு, அது எதில் போய்ச் சாய வேண்டும் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

தெரிந்த மெக்கானிக்குகள் நாலு பேருக்கு எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் கொடுத்துவிடாதே. கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சாமான் இல்லை இது. நிறைய உழைத்திருக்கிறது. தோல் நடுவில் கறுத்து வழவழவென்று ஆகியிருக்கிறது. நாள் தவறாமல் உபயோகித்தால்தான் அப்படி ஆகும். செய்தவனுக்கு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணம் எனக்குப் பிடிபடவில்லை என்பதுதான் எரிச்சல்.

தம்பி

---

பிப்ரவரி 14

தம்பிக்கு,

ஸ்டூலைத் தள்ளிவைத்தேன் என்று எழுதியதைப் படித்ததும் கடையில் தனியாகச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று சொல்லமாட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாள்தான் அந்த மெக்கானிக்கின் வீட்டைத் தேடிக்கொண்டு போயிருந்தேன். அவர் மனைவி இருக்கிறார். சின்ன வீடு, வாசலிலேயே பட்டறை. பெஞ்சும் வைஸும் இன்னும் கழுவித் துடைத்த மாதிரி இருக்கின்றன. படத்தைக் காட்டினேன். அந்தம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார், படத்தில் தூசி இருப்பது போல. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

ஆக எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்குச் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால், தெரிந்துகொண்டேதான் அனுப்பினேன் என்று நினைப்பாய், அடுத்த பார்சலில் உடைத்து அனுப்புவாய். நம்பினால் நம்பு, பெட்டியைத் திறந்த அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீயாகக் கண்டுபிடித்தால்தான் அது உனக்கு ஆகும்.

உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. கையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அது என்ன என்று பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 20

அக்கா,

நீ மனுஷியே இல்லை.

நாலு மெக்கானிக்கிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. நாலு பேருக்கும் தெரியவில்லை. டயர் கடைக்காரர் நேற்று அளவு நாடாவோடு வந்து பட்டறைச் சுவரை அளந்துகொண்டு போனார். என் கருவிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். உன்னுடையதையும் சேர்த்து.

தெரிந்ததை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்.

---

மார்ச் 1

அக்கா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். இதை வைத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை அளந்துகொண்டிருந்தேன். அவள் லேபிலிருந்து வந்து பையை மாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"இத ஏன் தலைகீழா வெச்சிருக்கீங்க? கை வெக்கிற பக்கம் மேல இருக்க வேண்டாமா?"

எந்தக் கை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் கையை நீட்டி வைக்க அவள் லேப் நாற்காலியில் இதே மாதிரிதான் ஒரு பள்ளம் இருக்கிறதாம், இதே மாதிரி மெத்தையோடு. முழங்கைப் பக்கம் அகலம், மணிக்கட்டுப் பக்கம் குறுகல். தினமும் எத்தனையோ பேர் கையை அதில் எடுத்து வைக்கிறவள் அவள். பார்சல் வந்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். நீ எனக்காகச் செய்யச் சொல்லி அனுப்பினாய், அது பிடிக்காமல்தான் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, வாயைத் திறக்காமலே இருந்திருக்கிறாள்.

அதை நிமிர்த்தி, இடது கையை நான் துண்டைவிட்டு எடுக்காததால் வலது கையை எடுத்து உள்ளே வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஆனால் முழுதாக உட்காரவில்லை. என் மணிக்கட்டு அந்தக் கடைசித் தகட்டில் முட்டியது. கை தாண்டிப் போக அங்கே வழியே இல்லை. இரண்டு பேரும் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் முதலில் சொன்னாள்.

"இத வெச்சிருந்தவருக்கு இதுக்கு மேல கையே இல்லங்க."

அக்கா, யோசித்துப் பார். வலது கை மணிக்கட்டோடு போன ஒரு மனிதர், அந்த மொட்டைக் கையை இதில் நுழைத்து, நீள்துளைகளில் வாரை மாட்டி இறுக்கிக்கொண்டு, ஹப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். இடது கையால் நட்டைக் கழற்றியிருக்கிறார். தோல் கறுத்தது எண்ணெயால் இல்லை, அவர் வியர்வையால். அந்த வளைவு அவர் தோளுக்கு இடம் விட. காற்றில் நிற்கவில்லை அந்தப் பிடி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றது. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தேடியிருக்கிறேன்!

ஒரு கை போனவன்தான் நானும். இருந்தும் இரண்டு கைக்காரனாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். கருவி என்றால் வண்டிக்குத்தான் பொருந்த வேண்டும் என்றே மண்டையில் இருந்தது, ஆளுக்குப் பொருந்தும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நாலு ஊர் மெக்கானிக்குகளுக்கு எழுதிக் கேட்டேன், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைக் கேட்கவில்லை.

உன் சீட்டுக்கு: 'வலது கை இல்லாதவருக்கான கிளட்ச் பிடி.' வண்டி, பழைய ஒற்றைச் சிலிண்டர். வேலை, எல்லாம்.

அவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுது. கையால் செய்கிற வேலையில் நான் யாரையும் பார்த்து இப்படி வாயடைத்துப் போனதில்லை. தீப்பொறி தருகிற மேக்னெட்டோவின் பாயின்ட் இடைவெளியை, மெல்லிய தகடு நுழைத்து அளக்கிற அந்தச் சந்தை, ஒரு கையால் அவர் எப்படி வைத்தார்? கேட்டாயா?

தம்பி

---

மார்ச் 8

தம்பிக்கு,

இரண்டு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். மனுஷியே இல்லை என்று எழுதியதை மாமா கல்லாவுக்கு மேலே ஒட்டலாமா என்று கேட்கிறார்.

அந்தம்மா சொன்னதை எழுதுகிறேன். கல்யாணமாகிச் சில வருஷத்தில் அவர் வீட்டுக்காரருக்கு ஒரு விபத்து, வலது கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் அவ்வளவுதான் என்றார்கள். அவர் பெயர் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கெங்கிருந்தோ வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவருக்கு ஒரு கைதான் என்பதே தெரியாதாம். வாடிக்கையாளர் வந்தால் முழுக்கைச் சட்டையோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவாராம், வேலை செய்யும்போது கதவைச் சாத்திவிடுவாராம். பாயின்ட் இடைவெளியைப் பற்றி இப்போது போன் செய்து கேட்டேன், அளவுத் தகட்டைப் பல்லில் கடித்துக்கொள்வார் என்றார். மீதியை நீ யோசி.

அன்று இதுவரை கேட்டபோது நானும் உன்னை மாதிரிதான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றுகூட அந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பிடியைச் செய்யும்போது, தகட்டை வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. அந்தம்மா அடுப்படியில்தான் இருந்திருக்கிறார், நாலு எட்டு தூரம். கணவர் கூப்பிடவில்லை. எதிர்ப்புறம் இருந்த கொல்லரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். முடிந்த பிறகுதான் காட்டினாராம், எவ்வளவு பெருமையாகக் காட்டினாராம். அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"நான் பக்கத்துலயேதாங்க இருந்தேன். கடைசி வரைக்கும் ஒரு தடவகூட 'இதக் கொஞ்சம் பிடி'ன்னு என்கிட்ட சொன்னதில்ல. எல்லாத்தையும் அந்த இரும்புகிட்டயே சொல்லிட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. அவர் மாதிரி மனிதர் கிடையாது என்று அதற்குப் பிறகும் பத்துத் தரம் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை வருஷம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன்னைப் பற்றி அவர் கேட்ட கேள்வி இதுதான்: "உங்க தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆகிவிட்டது என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விற்க வேண்டாம், தம்பியிடமே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். டாக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை.

பட்டறையைப் பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். திறக்கவில்லை.

அக்கா

---

மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தை அன்றைக்குப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.  இப்போதுதான் எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

அந்தப் பிடி எனக்கு ஆகவில்லை. அவருக்குப் போனது வலது, எனக்கு இடது. இடது கையை அதில் வைத்தால் வளைவு எதிர்ப்பக்கம் போகிறது, என் தோள் வண்டியில் போய் இடிக்கிறது, ஸ்பேனரைச் சுழற்ற இடமில்லை. அந்தக் கடைசித் தகட்டில் என் கட்டை விரல் வேறு முட்டுகிறது. இன்னொருவர் கைக்குச் செய்ததை நான் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டு, கட்டை விரலுக்கு வழி விட்டு, எனக்கென்று ஒன்று செய்தாக வேண்டும்.

செய்ய உட்கார்ந்த பிறகுதான் அவர் எப்பேர்ப்பட்டவர் என்று இன்னும் விளங்கியது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதன் வலது விளிம்பு இடது விளிம்பைவிடக் கொஞ்சம் உயரம், கை புரளாமல் இருக்க. அடிப்பகுதி முழங்கைக்குக் கொஞ்சம் முன்னால் லேசாகக் குழிந்திருக்கிறது, எலும்பு உறுத்தாமல் இருக்க. இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வலித்து வலித்துக் கண்டுபிடித்திருப்பார். நான் அளவெடுத்துக் காப்பி அடிக்கிறேன், அதற்கே மூச்சு வாங்குகிறது.

தகட்டை வெட்டியாகிவிட்டது. வளைப்பதுதான் பாக்கி. குழாயின் மேல் தகட்டை வைத்து யாராவது இறுக்கிப் பிடிக்க, நான் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். எதிரே வெல்டிங் கடை இருக்கிறது. அங்கே கூப்பிட்டால் ஓடி வருவார்கள். தகட்டை எடுத்துக்கொண்டு பாதித் தெரு தாண்டிவிட்டேன்.

அங்கேயே நின்றேன். ஒரு வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். திரும்பி வந்து தகட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவள் லேபிலிருந்து வரும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பட்டறை வாசலுக்கு அவள் வருவதில்லை, உனக்குத் தெரியும். நான் இல்லாதபோது தரையைத் துடைக்க வந்தவள், நான் இருக்கும்போது உள்ளே வந்ததில்லை. நான்தான் வர விட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சட்டைப் பொத்தானைப் போட வந்த கையைக்கூடத் தட்டிவிட்டவன் நான். அதையும் உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருப்பாள்.

தெருவோடு போனவளைக் கூப்பிட்டேன். என்னமோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். வாக்கியத்தை நாள் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், அந்த நேரத்தில் முதலில் தகட்டைத்தான் நீட்டினேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இதக் கொஞ்சம் பிடி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தகட்டைப் பார்த்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எங்க பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

முதல் அடிக்குத் தகடு அவள் கையில் துள்ளியது. இரண்டாவது அடிக்குத் துள்ளவில்லை. தோலுக்கடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. எந்த இடத்தில் தகடு இன்னும் எழும்பி நிற்கிறது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. இங்கே ஒன்று, அங்கே மெதுவாக என்று அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். என் கையைத் தூக்கிப் பள்ளத்தில் வைத்து, எங்கே அழுத்துகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்தாள். அந்தக் கையை நான் யாருக்கும் காட்டியதில்லை, அவளுக்குக்கூடத் துண்டு இல்லாமல் காட்டியதில்லை. அவள் பாட்டுக்கு எடுத்து வைத்தாள், லேபில் யாருடைய கையையோ எடுத்து வைப்பது போல. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் வேலை பார்க்கிற அழகை நீ ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

அவர் பிடியைவிட என்னுடையது அவலட்சணமாகத்தான் இருக்கிறது. ரிவெட்டெல்லாம் விரலில் தட்டுப்படும். ஆனால் பிடிக்கிறது. கணக்கு டீச்சர் வண்டியின் கிளட்ச் நட்டை அதை மாட்டிக்கொண்டு தனியாகவே கழற்றினேன். நட்டு 'டக்' என்று இளகியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. டீச்சர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், போகும்போது கிளட்ச் முன்னைவிடக் கனமாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். சரி செய்ய மறுபடி வருவார்கள்.

டயர் கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். சுவரை அளந்த வீண் வேலைக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

இனி வேலைக்கு யாரும் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. பிடி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் லேப் முடிந்ததும் அவள் நேரே இங்கேதான் வருகிறாள். வந்து பெஞ்சுப் பக்கம் நிற்கிறாள். அவள் நின்றால் நான் எதையாவது பிடிக்கச் சொல்கிறேன். நேற்று ஒன்றும் தோன்றாமல் ஒரு காலி கிரீஸ் டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.

"இத எதுக்குப் பிடிக்கணும்?" என்றாள்.

"சும்மா பிடியேன்" என்றேன். நான் வேலையை முடித்துக் கை கழுவி வரும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

உன் தம்பி